நனோ காபனேற்று அபற்றைற்று செய்து புளோரைட்டு அளப்பது எப்படி: இறுதியாண்டு ஆய்வில் இறங்குகிறவர்களுக்கு

கிணற்று நீரில் கூடிய புளோரைட்டை உறிஞ்சி எடுக்க ஒரு தூள் செய்து பார்க்கும் ஆய்வு இது. தூள் செய்வது நான்கு நாள் வேலை. அந்தத் தூள் உண்மையில் என்ன, புளோரைட்டு எங்கே போனது என்று காட்ட எனக்கு எட்டு மாதம் எடுத்தது. அதில் நான்கு மாதம் வேலையை முன்பின்னாகச் செய்ததால் வீணானது. வந்தாறுமூலை வளாகத்திலோ சம்மாந்துறை வளாகத்திலோ இருந்துகொண்டு, கருவி ஒரு ஊரிலும் மாதிரி இன்னொரு ஊரிலுமாக அலையப்போகிற உங்களுக்கு அந்த நான்கு மாதம் மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பொருள் எதுவென்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ஐதரொட்சி அபற்றைற்று என்பது 10 கல்சியம், 6 பொசுபேற்று, 2 ஐதரொட்சைட்டு கொண்ட கனியம். நம் எலும்பிலும் பல்லிலும் இருப்பது இதன் உறவுதான். அங்கே பொசுபேற்றின் இடத்தில் கொஞ்சம் காபனேற்று நுழைந்திருக்கும், படிகங்களும் நனோ அளவில் இருக்கும். காபனேற்று நுழைந்தால் படிகம் சிறுக்கும், ஒழுங்கு குலையும், நீரில் சற்றுக் கூடுதலாகக் கரையும். புளோரைட்டை இழுப்பதில் இது கெட்டிக்காரத்தனம் காட்டுவதும் அதனால்தான், ஆய்வு செய்கிறவரை ஏமாற்றுவதும் அதனால்தான்.

1. தூளைத் தொடமுன் அளக்கப் பழகுங்கள்

நான் செய்த முதல் தவறு இது. ஆறு வகைத் தூளை அழகாகச் செய்து போத்தலில் அடைத்து வைத்துவிட்டு, அப்புறம்தான் புளோரைட்டு மின்வாயை (கரைசலில் உள்ள புளோரைட்டை மில்லிவோல்ட்டாகக் காட்டும் கருவியை) எடுத்தேன். ஒரு வாரம் ஒரு எண்ணும் நிலைத்து நிற்கவில்லை.

புளோரைட்டு அளக்க இரண்டு வழி கைக்கெட்டும். ஒன்று ஸ்பாட்ன்ஸ் நிறமுறை (புளோரைட்டால் ஒரு சாயத்தின் நிறம் குறைவதை அளப்பது), மற்றது புளோரைட்டு மின்வாய். இந்த ஆய்வுக்கு ஸ்பாட்ன்ஸ் வேண்டாம். உங்கள் தூள் நீரில் பொசுபேற்றைக் கொஞ்சம் விடும். பொசுபேற்று அந்த முறையில் புளோரைட்டு போலவே நிறத்தைக் குறைத்து, அளவைக் கூட்டிக் காட்டும். பிறகு தூள் வேலை செய்யவில்லை என்று நினைத்துத் தூளைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

மின்வாய்க்கு வேண்டியவை இவை:

நியமக் கரைசல்: 2.21 கிராம் சோடியம் புளோரைட்டை 1 லீற்றரில் கரைத்தால் லீற்றருக்கு 1000 மி.கி. புளோரைட்டு. அதிலிருந்து 0.5, 1, 2, 5, 10 என்று இறக்கிக்கொள்ளுங்கள். எல்லாம் பிளாஸ்டிக் போத்தலில் இருக்கட்டும். புளோரைட்டு கண்ணாடியோடு ஒத்துப்போகாது. குடிநீர்ப் போத்தலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள். அது நஞ்சு. லாபில் தாகத்தோடு வருகிறவருக்கு உங்கள் கையெழுத்து விளங்காது.

டிசாப் எனப்படும் தாங்கற் கரைசல் (எல்லா மாதிரியின் பிஎச்சையும் ஒரே மட்டத்தில் வைப்பது): கடையில் வாங்கினால் பணம் பறக்கும். நீங்களே செய்யலாம். 57 மி.லீ. செறிந்த அசற்றிக்கமிலம், 58 கிராம் சோடியம் குளோரைட்டு, 4 கிராம் சிடிடிஏ ஆகியவற்றை அரை லீற்றர் நீரில் கரைத்து, சோடியம் ஐதரொட்சைட்டால் பிஎச் 5.3 முதல் 5.5 வரை ஏற்றி, ஆறிய பிறகு 1 லீற்றர் ஆக்குங்கள். உலோக அயன்களைப் பிடித்துவைக்கும் சிடிடிஏதான் விலை கூடிய சரக்கு. துறையில் பழைய போத்தல் ஏதும் கிடக்கிறதா என்று டெக்னிக்கல் ஒஃபிசரிடம் முதலில் கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்தது.

10 மி.லீ. மாதிரி, 10 மி.லீ. டிசாப், 3 நிமிடம் மெதுவாகக் கலக்கி வாசிப்பு எடுங்கள். செறிவு பத்து மடங்கு கூடும்போது வாசிப்பு 59 மில்லிவோல்ட் அளவில் இறங்க வேண்டும். 25 பாகையில் கணக்குப்படி வருவது 59.2. எனக்கு 48 வந்துகொண்டிருந்தது. காரணம் காந்தக் கலக்கியின் சூடு. தட்டு சூடாகி, பீக்கர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வெப்பநிலையில் இருந்தது. பீக்கருக்கு அடியில் ஒரு துண்டு ரெஜிஃபோம் வைத்தேன், அன்று பின்னேரமே 57 வந்தது. மூன்று நாள் தொடர்ந்து 54க்கும் 60க்கும் இடையில் வந்த பிறகு அடுத்த படிக்குப் போங்கள். இதற்கு மூன்று கிழமை ஒதுக்கினாலும் நட்டமில்லை.

2. கடிதங்களை இப்போதே தொடங்குங்கள்

அளக்கப் பழகும் அந்த மூன்று கிழமையில் தாள்கள் நகரட்டும். பின்னால் வைத்தால் கருவிக்காகக் காத்திருப்பீர்கள். வேண்டியவை: மேற்பார்வையாளரின் கடிதம், அதில் துறைத்தலைவரின் ஒப்பம், வெளி ஆய்வுகூடத்தின் மேற்கோள் விலை, மாதிரி விவரப் படிவம், தூளின் பாதுகாப்புத் தாள். புதுப் பொருளுக்குப் பாதுகாப்புத் தாள் எங்கே என்று முழிக்காதீர்கள். கடையில் விற்கும் ஐதரொட்சி அபற்றைற்றின் தாளை வைத்து, இது ஆய்வுகூடத்தில் செய்தது என்று மேலே ஒரு வரி எழுதினால் எனக்கு ஏற்றுக்கொண்டார்கள்.

பல்கலைக்கழகப் பணத்தில் செய்வதானால் ஒன்றுக்கு மேற்பட்ட மேற்கோள் விலை கேட்பார்கள். அந்த விலைகளுக்குக் காலக்கெடு உண்டு. என்னுடையது, கோப்பு மேசை மேசையாகப் போய்த் திரும்பும்போது காலாவதியாகி இருந்தது. அதனால் விலை கேட்கும் நாளிலேயே காலக்கெடுவை நாட்காட்டியில் குறித்து, கோப்பின் பின்னால் நீங்களே நடக்க வேண்டும்.

தூளைக் கழுவ எதனோல் வேண்டுமென்றால் அது கலால் திணைக்களத்தின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். தனியாக வாங்கப் போகாமல் துறையின் இருப்பில் கேளுங்கள். காய்ச்சி வடித்த நீரே போதும் என்பது என் அனுபவம்.

செலவை ரூபாயில் எழுதினால் நீங்கள் வாசிக்கும் நாளில் அது பொய்யாகிவிடும். ரசாயனமும் கருவிக் கட்டணமும் டொலரோடு ஏறி இறங்குகின்றன. பங்காகச் சொல்கிறேன். என் கையிலிருந்து போன ஒவ்வொரு 100 ரூபாயிலும் ஏறக்குறைய 45 எக்ஸ்ஆர்டிக்கு (எக்ஸ்கதிரால் படிகத்தை அடையாளம் காணும் சோதனை), 20 பஸ்ஸுக்கும் தங்கலுக்கும், 15 ரசாயனத்துக்கு, 10 சிரிஞ்சு வடிகட்டிக்கு. மிச்சம் எஃப்டிஐஆர் (அகச்சிவப்புக் கதிரால் தூளில் உள்ள கூட்டங்களைக் காணும் சோதனை), போத்தல், போட்டோகொப்பி. எக்ஸ்ஆர்டிக்கு எத்தனை மாதிரி அனுப்புவது என்பதில் கை வைத்தால்தான் செலவு குறையும். பன்னிரண்டு அனுப்பினேன். ஆறு போதும்.

3. தூள் செய்தல்

அளவுகள், ஒரு தொகுதிக்கு: 0.1 மூல் கல்சியம் நைத்திரேற்று (நான்கு நீர் மூலக்கூறு உள்ளது), அதாவது 23.6 கிராம். 0.06 மூல் ஈரமோனியம் ஐதரசன் பொசுபேற்று, 7.92 கிராம். கல்சியத்துக்கும் பொசுபரசுக்கும் விகிதம் 1.67. காபனேற்றுக்கு அமோனியம் இருகாபனேற்று: பொசுபேற்றின் மூலில் கால் பங்கு என்றால் 1.19 கிராம், அரைப் பங்கு 2.37, சம பங்கு 4.74. சமையல் சோடா கையில் இருக்கிறதே என்று அதைப் போடாதீர்கள். சோடியமும் படிகத்துக்குள் போகும், பிறகு அதற்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

கல்சியம் நைத்திரேற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது காற்றின் ஈரத்தைக் குடிக்கும். நவம்பர் மாரியில், ஏசி இல்லாத தராசு அறையில் நான் நிறுத்துக்கொண்டிருந்தபோது தட்டின் ஓரத்தில் கட்டிகள் பளபளத்து, கரைந்த கற்கண்டு போல வழியத் தொடங்கின. எண்ணும் ஏறிக்கொண்டே போனது. நிறுத்த 23.6 கிராமில் எவ்வளவு உப்பு, எவ்வளவு மட்டக்களப்புக் காற்று என்று யாருக்குத் தெரியும்? வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இந்தத் தொல்லை குறைவு. மாரியில் செய்வதானால் போத்தலைத் திறந்த அன்றே முழுவதையும் கரைசலாக்கி, கல்சியத்தை இடிடிஏ தரம்பார்ப்பில் அளந்து, கனவளவால் எடுங்கள்.

கல்சியத்தை ஒரு பீக்கரில் 200 மி.லீ. நீரில் கரையுங்கள். பொசுபேற்றையும் இருகாபனேற்றையும் சேர்த்து இன்னொன்றில் கரையுங்கள். இரண்டையும் அமோனியாவால் பிஎச் 10க்கு மேல் கொண்டுவாருங்கள், ஃபியூம் ஹூட்டுக்குள். பொசுபேற்றுக் கலவையைத் துளித்துளியாகக் கல்சியத்தில் விடுங்கள். எனக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்தது. பிஎச் இறங்க இறங்க அமோனியா சேர்க்க வேண்டும், ஆகவே தேநீருக்குப் போகாதீர்கள். காபனேற்றைத் தனியாக முதலில் விட்டால் கல்சைற்று, அதாவது வெறும் கல்சியம் காபனேற்று, தனியாக விழுந்துவிடும்.

24 மணி நேரம் அப்படியே விடுங்கள். அடுத்த நாள் கழுவுங்கள். சென்ட்ரிஃபியூஜ் இருந்தால் அதில், இல்லாவிட்டால் தெளியவிட்டு மேல்நீரை ஊற்றி. கழுவிய நீரின் பிஎச் 7ஐ நெருங்கும்வரை செய்ய வேண்டும். ஆறேழு தடவை ஆகும். 80 பாகையில் ஓர் இரவு உலர்த்தி, உரலில் அரைத்து, டெசிகேட்டரில் வையுங்கள். உலையில் 800, 900 பாகைக்குச் சுடச் சொல்லும் செய்முறைகள் நிறையக் கிடைக்கும். அவை வேறு தேவைக்கு. அப்படிச் சுட்டால் காபனேற்று வெளியேறும், படிகம் பெருக்கும், உங்கள் தலைப்பில் உள்ள "நனோ", "காபனேற்று" என்ற இரண்டு சொல்லும் ஒன்றாகப் போய்விடும்.

காபனேற்று சேர்க்காத ஒரு தொகுதியும் கட்டாயம் செய்யுங்கள். காற்றில் உள்ள காபனீரொட்சைட்டு காரக் கரைசலில் கரைவதால் அதிலும் கொஞ்சம் காபனேற்று இருக்கத்தான் செய்யும். கொதிக்கவைத்து ஆறிய நீர் எடுத்தால் குறையும், முழுதாகப் போகாது. "தூய" என்ற சொல்லை அறிக்கையில் பார்த்து எழுதுங்கள்.

4. தூள் எதுவென்று காட்டுதல்

எஃப்டிஐஆர் மலிவு, முதலில் அதைச் செய்யுங்கள். எண்கள் எல்லாம் அலையெண், சென்ரிமீற்றருக்கு இத்தனை என்று. பொசுபேற்று 1030ஐ ஒட்டியும், 602, 563லும் வரும். காபனேற்று 1420, 1455, 873ல் வந்தால் அது பொசுபேற்றின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இதை பி வகை என்பார்கள். 1545ஐ ஒட்டி வந்தால் ஐதரொட்சைட்டின் இடத்தில், அது ஏ வகை. 712ல் சிறிய கூர் தெரிந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது கல்சைற்று. அந்தத் தொகுதியைக் குப்பையில் போடலாம். நான் இரண்டைப் போட்டேன்.

எக்ஸ்ஆர்டிக்கு அனுப்பும்போது படிவத்தில் நான்கு விடயம் எழுதுங்கள்: கோண வீச்சு 10 முதல் 60 வரை, படி 0.02, மெதுவான வேகம், மூலத் தரவுக் கோப்பு வேண்டும். கடைசியை எழுதாததால் ஒரு ஆய்வுகூடத்திலிருந்து எனக்கு ஒரு படம் மட்டும் வந்தது. படத்திலிருந்து உச்சியின் அகலத்தை எப்படி எடுப்பது? அடிமட்டம் வைத்து எடுக்கப் பார்த்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். மூலக் கோப்புக்காக மறுபடி எழுதி, மறுபடி காத்திருந்து ஐந்து கிழமை போனது.

அபற்றைற்றின் அடையாளம் 25.9, 31.8, 32.2, 32.9, 34.0, 39.8 பாகைகளில். நனோத் தூளில் 31.8 முதல் 32.9 வரை மூன்றும் ஒன்றாகக் கலந்து ஒரு திடல் போலத் தெரியும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்க வேண்டும். 29.4ல் எழும்பினால் மறுபடியும் கல்சைற்று.

படிக அளவுக்கு ஷெரர் சமன்பாடு: உச்சி அகன்றால் படிகம் சிறிது. 25.9ல் தனியாக நிற்கும் உச்சியை எடுங்கள். அதன் அரை உயர அகலம் 0.35 பாகை என்று வைத்துக்கொண்டால் அளவு 23 நனோமீற்றர் வரும். அகலத்தை ஆரையனுக்கு மாற்ற மறந்தால் 0.41 நனோமீற்றர் வரும். அபற்றைற்றின் ஓர் அலகுக் கலமே, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டியே, அகலத்தில் 0.942 நனோமீற்றர். கல்லை விடச் சிறிய வீடு! எங்கள் வகுப்பில் ஒரு முன்வைப்பில் அந்த எண் திரையில் ஓடியது. யாருடையது என்று சொல்லமாட்டேன்.

அலகுக் கலத்தில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. பி வகைக் காபனேற்று ஏறினால் "ஏ" அச்சு சுருங்கும், "சி" அச்சு நீளும். ஐதரொட்சைட்டின் இடத்தில் புளோரைட்டு போனாலும் "ஏ" அச்சு சுருங்கும், 0.942லிருந்து 0.937 பக்கமாக, "சி" அசையாது என்றே சொல்லலாம். ஆக, "ஏ" சுருங்கியதை மட்டும் வைத்துக்கொண்டு புளோரைட்டு உள்ளே போனது என்று சொல்ல முடியாது. ஒரே தொகுதியை மூன்றாகப் பிரியுங்கள்: ஊறவைக்காதது, வெறும் நீரில் ஊறியது, புளோரைட்டில் ஊறியது. மூன்றையும் ஒரே நாளில், ஒரே கருவியில், கோணத்தைச் சரிபார்க்கக் கொஞ்சம் சிலிக்கன் தூள் கலந்து எடுக்கச் சொல்லுங்கள். நான் சொன்ன ஆறு மாதிரி இதுதான்: இரண்டு தொகுதி, மூன்று மூன்று.

5. புளோரைட்டு உறிஞ்சல்

50 மி.லீ. கரைசல், 0.1 கிராம் தூள், மூடியுள்ள பிளாஸ்டிக் போத்தல், ஷேக்கர். நேரம் 5, 15, 30 நிமிடம், 1, 2, 4, 8, 24 மணி. ஒவ்வொன்றும் மூன்று தடவை, தூள் போடாத ஒரு போத்தலும் கூடவே. கணக்குச் சுலபம்: லீற்றருக்குத் தொடக்கம் 10, முடிவு 3.4 மி.கி. என்றால், குறைந்த 6.6ஐ 0.05 லீற்றரால் பெருக்கி 0.1 கிராமால் வகுக்க, கிராமுக்கு 3.3 மி.கி.

இங்கேதான் நான் அதிகம் அடிபட்டேன். இரண்டு மணி வரை புளோரைட்டு இறங்கி, பிறகு வாசிப்பு தாறுமாறாக ஏறியது. தூள் பிடித்ததை விட்டுவிடுகிறது என்று மேற்பார்வையாளரிடம் போய் ஒரு கதையே சொன்னேன். சேர் கேட்டது ஒரு கேள்விதான்: "வடித்த நீரை வெளிச்சத்தில் பிடிச்சுப் பாத்தீரா?" பார்த்தால் பால் கலந்த மாதிரி ஒரு மங்கல். நீண்ட நேரம் ஆட்டியதில் தூள் நொறுங்கி வடிதாளைத் தாண்டியிருந்தது. அந்த மங்கல் பிஎச் 5.3 உள்ள டிசாப்பில் விழுந்ததும் கரைந்து, பிடித்த புளோரைட்டைத் திரும்பக் கக்கியது. சாதாரண வடிதாள் உதவாது. முதலில் சென்ட்ரிஃபியூஜ், பிறகு 0.45 மைக்ரோமீற்றர் சிரிஞ்சு வடிகட்டி. அப்படியும் மங்கல் தெரிந்தால் 0.2. செலவில் 10 பங்கு வடிகட்டிக்குப் போனதன் கதை இது.

அடுத்த பொறி, பெரிய எண். செறிவைக் கூட்டிக்கொண்டே போனால் கிராமுக்கு 40, 50 மி.கி. என்றுகூட வரும். ஒரு கணக்கு போடுங்கள். தூளில் உள்ள ஒவ்வொரு ஐதரொட்சைட்டும் புளோரைட்டாக மாறினாலும் கிராமுக்கு 37.8 மி.கி.தான் பிடிக்க முடியும். அதற்கு மேல் வந்தால், கரைந்த கல்சியத்தோடு சேர்ந்து கல்சியம் புளோரைட்டாக விழுந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். எக்ஸ்ஆர்டியில் 28.3, 47.0 பாகைகளைப் பாருங்கள், ஆனால் சிலிக்கன் கலக்காத தூளில்; சிலிக்கனின் உச்சிகளும் அங்கேயே விழும். காபனேற்று கூடிய தூள் கூடக் கரைவதால் அதில் இது சீக்கிரம் நடக்கும். புளோரைட்டு போனது போனதுதான். ஆனால் அதைப் புறத்துறிஞ்சல் (மேற்பரப்பில் ஒட்டுவது) என்று எழுதி, அதற்கான லாங்மியூர் கோடு போட்டால், பரீட்சகர் ஒரே கேள்வியில் கோட்டை அழித்துவிடுவார். கிணற்று நீரின் செறிவுக்குப் பக்கத்தில், 2 முதல் 20 மி.கி.க்குள், வேலை செய்தால் இந்தச் சச்சரவு குறையும்.

தொடக்கத்திலும் முடிவிலும் பிஎச் குறியுங்கள். ஐதரொட்சைட்டு வெளியேறினால் பிஎச் ஏறும். அது உங்களுக்கு ஒரு இலவசச் சாட்சி.

6. கிணற்று நீர்

கரையோர மணற்கிணறுகளில் நான் எடுத்தவை எல்லாம் மின்வாயின் அடிமட்டத்தை ஒட்டியே நின்றன. மட்டக்களப்புக் கரையோரத்துக் கல்லடி ஊரில் கிணறு இருக்கிறது என்று அங்கே போகாதீர்கள். கடினப்பாறை உள்ள உட்பகுதிகளில், அம்பாறைப் பக்கத்துக் குழாய்க்கிணறுகளில் தேடுங்கள். மகா ஓயா வெந்நீரூற்று நீரை ஆசைக்கு அளக்கலாம். அதைக் கிணற்று நீர் என்று எழுதக் கூடாது. ஒப்பிட இரண்டு வரம்பு: உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 1.5 மி.கி., நமது இலங்கைத் தரநிர்ணயம் 1.0 மி.கி.

பிளாஸ்டிக் போத்தல், இரண்டு தடவை அதே நீரால் அலசல், நிரம்ப எடுத்தல். புளோரைட்டுக்கு அமிலம் எதுவும் சேர்க்க வேண்டாம். 28 நாள் தாங்கும். கிராம உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே சொல்லி, வீட்டுக்காரரிடம் ஒரு தாளில் சம்மதம் வாங்குங்கள். முடிவை அவர்களுக்குத் திரும்பச் சொல்வதாக இருந்தால் மட்டும் சொல்வோம் என்று எழுதுங்கள்.

இறக்காமத்தில் ஒரு உம்மா வாளியைக் கிணற்றில் விட்டுக்கொண்டே கேட்டார்: "எலும்புத் தூளாமே மகன், என்ன மாடு, அறுத்ததா செத்ததா?" எலும்புக்கரியால் புளோரைட்டு வடிக்கும் வழக்கம் சில நாடுகளில் உண்டு, அதை எங்கோ கேட்டிருக்கிறார். இது எலும்பே இல்லை, போத்தலில் இருந்த உப்புகளில் செய்தது என்று விளக்கிய பிறகுதான் இரண்டாவது போத்தலுக்கு நீர் கிடைத்தது. இந்துக் குடும்பங்களிலும் இதே கேள்வி வேறு விதமாக வரும். படலையில் வைத்தே சொல்லிவிடுங்கள்.

கிணற்று நீரில் உறிஞ்சல் உங்கள் லாப் கரைசலை விடக் குறைவாக வரும். இருகாபனேற்றும் கடினத்தன்மையும் அங்கே இருக்கின்றன. அதை மறைக்காமல் தனி அட்டவணையாகப் போடுங்கள்.

7. நாட்காட்டி

அளக்கப் பழக 3 கிழமை, தூள் செய்ய ஒரு தொகுதிக்கு 4 நாள், எஃப்டிஐஆருக்கு ஒரு நாள், எக்ஸ்ஆர்டி போய்வர 3 முதல் 6 கிழமை, உறிஞ்சலுக்கு ஒன்றரை மாதம், நீர் மாதிரிக்கு இரண்டு நாள் பயணம். 24 மணி நேரப் பரிசோதனையைப் போயாவுக்கு முதல் நாள் தொடங்காதீர்கள். மறுநாள் லாப் திறக்க ஆள் இருக்காது. மாரியில் வீதி வெள்ளத்தில் மூடினால் மாதிரியும் நீங்களும் வெவ்வேறு ஊரில் இருப்பீர்கள்.

கண்டிப் பக்கம் மாதிரி கொண்டுபோவதானால் மகா ஓயா, மகியங்கனை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, தூளைக் கைப்பையில் வையுங்கள், மேல் தட்டில் வேண்டாம். ஒவ்வொரு குப்பியிலும் வெளியே ஒரு இலக்கம், மூடிக்கு உள்ளே பென்சிலால் எழுதிய இன்னொரு துண்டு. வியர்த்த கையில் மார்க்கர் அழிந்து, நான் கவுன்டரில் நின்று எது எந்தக் காபனேற்று என்று நிறத்தை வைத்துச் சொல்லப் பார்த்தேன். எல்லாம் வெள்ளை.